ஜிம்முக்கும் வேண்டும் ஒரு ‘வீக் ஆஃப்’!

ஆயுத பூஜை வந்தால் ஓசூர் சிப்காட்டில் மெஷின்களுக்கு லீவு. லேத், பிரஸ், கன்வேயர் என எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். அதே நாளில் ஊரில் இருக்கும் ஜிம்களிலும் டம்பெல்லுக்கும் டிரெட்மில்லுக்கும் பொட்டு விழும். இரும்புக்குக்கூட ஒருநாள் ஓய்வு கொடுக்கும் ஊர் இது. ஆனால், அந்த இரும்பைத் தூக்குகிற இளைஞர், ‘இன்னிக்கு ஜிம் லீவாம்’ என்று அலுத்துக்கொண்டு ரூமிலேயே தண்டால் எடுத்துக்கொண்டிருப்பார்!

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி என்று இந்த நெடுஞ்சாலை ஓரம் முழுக்க இளைஞர்கள். அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் காலத்திலிருந்தே வெளியூர்க்காரர்கள் வந்து குடியேறிய பகுதி. இப்போது போச்சம்பள்ளி பக்கம் ஓலா ஸ்கூட்டர் ஆலை, தேன்கனிக்கோட்டை பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று பெண் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள். ஜிம்முக்குள் ஐந்து நிமிடம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என நான்கு மொழிகளும் காதில் விழும். நான்கு மொழியிலும் பேச்சு ஒன்றுதான்: ‘ஒருநாள்கூட மிஸ் பண்ணக் கூடாது.’

அந்த ஒரு வாக்கியத்தில்தான் சிக்கலே இருக்கிறது.

எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை

ஜிம்மில் இருந்து வெளியே வரும்போது கை புடைத்திருக்கும். கண்ணாடியில் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். அது வளர்ச்சி இல்லை. ரத்தமும் நீரும் அந்த இடத்தில் கூடியதால் வந்த வீக்கம். இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். உண்மையில் அந்த நேரத்தில் தசை, உள்ளே போனபோது இருந்ததைவிடக் களைத்துத்தான் இருக்கிறது. சேமித்து வைத்திருந்த சர்க்கரைச் சத்து கரைந்திருக்கும். பழகாத பயிற்சி என்றால் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகளும் ஏற்பட்டிருக்கும்.

பழுது பார்க்கும் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. எடைப் பயிற்சி முடிந்த சில மணி நேரத்தில் தசையில் புதிய புரதம் கட்டப்படும் வேகம் கூடுகிறது. ஒரு நாள், ஒன்றரை நாள் வரை அது நீடிக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். இந்த அவகாசத்தில் சாப்பாடும் தூக்கமும் கிடைத்தால், உடல் பழையபடி கட்டுவதோடு நிற்காமல் ஒரு சுற்று கூடுதலாகவே கட்டிக்கொள்கிறது. நேற்று நெஞ்சுக்கு பெஞ்ச் பிரஸ் போட்டவர் இன்றும் அதையே போட்டால், சிமென்ட் காய்வதற்குள் அடுத்த தளம் எழுப்பிய மாதிரி.

ஆலையில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். உற்பத்தி எவ்வளவு அவசரம் என்றாலும் ‘பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ்’ அட்டவணையில் யாரும் கைவைக்க மாட்டார்கள். கை வைத்தால் பிரேக்டவுன் ஆகும். அப்போது மூன்று மணி நேரத்துக்குப் பதில் மூன்று நாள் லைன் நிற்கும். ஒரே வித்தியாசம், மெயின்டனன்ஸுக்கு நிறுத்திய மெஷின் பழைய நிலைக்குத்தான் திரும்பும். உடம்பு அதைவிட வலுவாகத் திரும்பும்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படிக்கட்டு இறங்க முடியாமல் தொடை வலிக்கிறதே, அது தவறா? இல்லை. புதுப் பயிற்சி செய்தால் 24 மணி நேரத்தில் தொடங்கி, 2, 3 நாள் இருக்கும் வலி அது. ஆபத்தில்லை. ஆனால், ‘வலித்தால்தான் பலன்’ என்று அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வது தவறு. வலியே இல்லாமலும் தசை வளரும். மூட்டிலோ, தசை எலும்போடு சேரும் இடத்திலோ குத்துகிற வலி என்றால் கணக்கு வேறு. தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. தசையைவிட மெதுவாகத்தான் பலப்படும். நான்கு மாதத்தில் தோள் தசை தயாராகிவிடும், தசைநாண் தயாராகியிருக்காது. தோள்பட்டைக் காயங்கள் பலவும் அந்த இடைவெளியில் வருகிறவைதான்.

தோள்பட்டை போனால் ஐ.டி. ஊழியர் வீட்டிலிருந்து லேப்டாப்பில் வேலை பார்க்கலாம். அசெம்பிளி லைனில் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஸ்பேனர் பிடிக்கிறவர் என்ன செய்வார்? கான்ட்ராக்ட்டில் இருப்பவருக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. உடம்பை அழகாக்கப் போய், சோறு போடும் உடம்பை இழக்கிற ஆபத்து இந்தப் பகுதியில் நிஜமானது.

எட்டு மணி நேர வேலையும் கணக்கில் உண்டு

‘நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பார்க்கறேன். அதுவே எக்சர்சைஸ்தானே?’ என்று சிலர் கேட்பார்கள். வேறு சிலர் அதைக் கணக்கிலேயே எடுக்காமல் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக ஸ்குவாட் ரேக்குக்குப் போவார்கள். இரண்டுமே சரியில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மேனும் அவரது குழுவினரும் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால், வேலையில் செய்யும் கடும் உடலுழைப்பு அதே நன்மையைத் தருவதில்லை என்பது அவர்கள் முன்வைக்கும் வாதம். அவர்கள் சொல்லும் காரணங்கள் நம் ஊருக்கும் பொருந்தும். வேலையில் ஒரே அசைவு ஆயிரம் முறை. வேகத்தை நீங்கள் தீர்மானிப்பதில்லை, லைன்தான் தீர்மானிக்கிறது. களைத்தால் உட்கார முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் ஓய்வு போதாது. ஆக, வேலை பயிற்சி ஆகாது. ஆனால், களைப்புக் கணக்கில் அது நிச்சயமாக ஏறும். நாள் முழுக்க பாகங்களைத் தூக்கி அடுக்குகிறவர் அன்று மாலை டெட்லிஃப்ட் செய்தால், அவரது முதுகு அன்றைக்கு இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கிறது என்று அர்த்தம்.

உடல் கேட்கும் ஓய்வை ஒரு காலத்தில் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடி 1890-ல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றார். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேர வேலை, ஒருநாள் விடுமுறை என்று எழுதியது. மாற்று விடுமுறை கொடுத்தாலும் தொடர்ந்து 10 நாள்களுக்கு மேல் விடுமுறை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பில், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. ஃபேக்டரியில் வீக் ஆஃபுக்காகச் சண்டை போடுகிறவர்கள், தங்கள் தோளுக்கும் முழங்காலுக்கும் அதைக் கொடுக்க மறுப்பது வேடிக்கைதான்.

நைட் ஷிஃப்ட் வாரம்

இந்தப் பகுதியின் உண்மையான சோதனை இதுதான். சென்னை, பெங்களூரு ட்ரெயினர்கள் வீடியோவில் சொல்லும் அட்டவணைகள் எல்லாம் தினமும் இரவு பதினொன்றுக்குத் தூங்கி ஆறுக்கு எழுகிறவருக்கானவை. இந்த வாரம் காலை ஆறு மணி, அடுத்த வாரம் மதியம் இரண்டு, அதற்கடுத்த வாரம் இரவு பத்து என்று சுற்றும் வாழ்க்கைக்கு அவை பொருந்தாது.

2021-ல் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான 13 இளைஞர், இளம்பெண்களை ஓர் இரவு முழுக்கத் தூங்கவிடாமல் வைத்து, மறுநாள் அவர்களின் தசையைப் பரிசோதித்தார்கள். தசையில் புரதம் கட்டப்படும் வேகம் 18 சதவிகிதம் குறைந்திருந்தது. தசையைக் கட்ட உதவும் டெஸ்டோஸ்டீரோன் குறைந்து, அதைக் கரைக்கும் கார்ட்டிசோல் கூடியிருந்தது. நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் பகலில் தூங்கிவிடுகிறார் என்பதால் அப்படியே அவருக்குப் பொருத்த முடியாது. ஆனால், அந்தப் பகல் தூக்கம் எப்படிப்பட்டது? நான்கு பேர் இருக்கும் ரூம். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் குக்கர் வைப்பார். ஜன்னலில் வெயில். தெருவில் காய்கறி வண்டி ஸ்பீக்கர். ஏழு மணி நேரம் படுத்தாலும் நாலரை மணி நேரம் தூங்கினால் அதிகம்.

காலை ஆறு மணிக்கு நைட் ஷிஃப்ட் முடித்து, அந்த வேகத்திலேயே ஜிம்முக்குப் போவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. கண் சொருகும் நேரத்தில் தலைக்கு மேல் எடை. கவனம் சிதறும், உடல் நிலை கோணும். தூக்கம் வராமல் இருக்க ‘ப்ரீ-வொர்க்அவுட்’ பவுடர் குடித்தால் இன்னும் சிக்கல். ஒரு ஸ்கூப்பில் 150 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருப்பது உண்டு. குடித்ததில் பாதி உடலை விட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் குடித்தவர் பத்து மணிக்குக் கண்ணை மூடினாலும் தூக்கம் ஆழமாகப் போகாது. அன்றிரவு மறுபடியும் ஷிஃப்ட். அதன்பின் பைக்கில் நெடுஞ்சாலை.

அதற்குப் பதில், முதலில் வீட்டுக்கு வந்து லேசாகச் சாப்பிட்டு, ஜன்னலுக்குக் கனமான துணி போட்டு, போனை சைலன்ட்டில் வைத்துத் தூங்குங்கள். மதியம் மூன்று, நான்கு மணிக்கு எழுந்து, உடம்பு ஒத்துழைத்தால் ஐந்து மணிக்கு ஜிம். நைட் ஷிஃப்ட் வாரத்தில் இரண்டு நாள் போனால் தாராளம். வழக்கமாக நான்கு செட் போடுவதை இரண்டாகக் குறையுங்கள்; எடையை வேண்டுமானால் கொஞ்சம்தான் குறையுங்கள். ஷிஃப்ட் மாறும் நாளை எப்போதும் ஓய்வு நாளாக வைத்துக்கொள்ளலாம். உடலின் கடிகாரம் புது நேரத்துக்குத் தட்டுத்தடுமாறும் நாள் அது.

காலை ஷிஃப்ட் வாரமும் மதிய ஷிஃப்ட் வாரமும்தான் முன்னேறுவதற்கான வாரங்கள். மூன்று அல்லது நான்கு நாள் பயிற்சி. ஒரே தசைப் பகுதிக்கு நடுவே 48 மணி நேரமாவது இடைவெளி. திங்கள் கால் என்றால் செவ்வாய் நெஞ்சும் தோளும் செய்யலாம். புதன் சும்மா இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே தசை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்துக்கு 2 நாள் அல்லது அதற்கு மேல் என்றுதான் சொல்கிறது. ஏழு நாள் என்று யாரும் சொல்லவில்லை.

‘இரண்டு நாள் போனா இருக்கிறதும் போயிடுமே?’ என்று பயப்பட வேண்டாம். கட்டுவதற்குத் தேவைப்படும் உழைப்பில் ஒரு சிறு பங்கே காப்பதற்குப் போதும். எடையைக் குறைக்காமல் வாரம் ஒருநாள் மட்டும் பயிற்சி செய்த இளைஞர்கள் பல மாதங்களுக்கு வலுவைத் தக்கவைத்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டு, ‘கட்டிய காசுக்கு’ தினமும் போக வேண்டும் என்று நினைப்பதுதான் பெரும்பாலும் பிரச்னை. ஜிம் சந்தா மெஸ் டோக்கன் இல்லை. ஒருநாள் விட்டால் சோறு போய்விடாது.

வேலூர்க்காரர் தூக்காத எடை

நம் பக்கத்துக்காரர்தான் சதீஷ் சிவலிங்கம். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்ட் போட்டிக்கு முன்பு, தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது தொடைத் தசையில் காயம். பதக்கம் கிடைக்குமா என்று அவருக்கே சந்தேகம் இருந்த நிலை. முழுதாகக் குணமாகாமலேதான் ஆஸ்திரேலியா போனார்.

அங்கே அவர் தூக்கியது 317 கிலோ. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு தூக்கியதைவிட 11 கிலோ குறைவு. அதற்கும் தங்கம்தான். இங்கிலாந்து வீரர் 312-ல் நின்றுவிட, தங்கம் உறுதியானதும் சதீஷ் தனது கடைசி வாய்ப்பைப் பயன்படுத்தவே இல்லை. அரங்கம் முழுக்க ஆள் இருக்கிறது, டி.வி-யில் நாடே பார்க்கிறது, இன்னொரு முயற்சி மிச்சம் இருக்கிறது. ஆனாலும் தூக்கவில்லை. காயம்பட்ட தொடையோடு அதற்கு மேல் நிரூபிக்க ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடி முன்பு, பக்கத்தில் நிற்பவர் பார்க்கிறார் என்பதற்காக இன்னும் பத்து கிலோ மாட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புவுக்குப் பிறகு

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது, எல்லைக்கு இந்தப் பக்கமும் கடைகளில் ‘அப்பு’ படத்துக்கு மாலை போட்டார்கள். உடற்பயிற்சி செய்த பிறகு உடல்நிலை சரியில்லாமல் போனது என்ற செய்தி பரவியதும், பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் குவிந்தது. ‘ஜிம்மே வேண்டாம்’ என்று பிள்ளைகளைத் தடுத்த பெற்றோர் பலர்.

ஒருவரின் மரணத்துக்கு உடற்பயிற்சிதான் காரணம் என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. அளவான உடற்பயிற்சி இதயத்துக்குப் பாதுகாப்பு என்பதில் மருத்துவர்களிடையே மாற்றுக்கருத்தும் இல்லை. ஆனால், அந்தக் கூட்டத்தால் ஒரு நல்ல பழக்கம் வந்தது. நாற்பதை நெருங்குகிறவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தவர்கள் கடும் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்கத் தொடங்கினார்கள். பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல், தலைசுற்றல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி வந்தால் ‘இந்த செட்டை முடிச்சுடலாம்’ என்று நினைக்கக் கூடாது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய இன்னொரு அறிகுறி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது. பழகாதவர் ஒரே நாளில் அளவுக்கு மீறிச் செய்தால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். வெயிலில், தண்ணீர் குடிக்காமல், வலி மாத்திரையும் போட்டுக்கொண்டு செய்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வலி மாத்திரை போட்டுத்தான் ஜிம்முக்குப் போக முடிகிறது என்றால், அன்றைக்கு ஜிம்முக்குப் போகக் கூடாது என்று பொருள்.

மெதுவாக வரும் அறிகுறிகளும் உண்டு. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடியை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். வழக்கமாக 64 என்று இருப்பது சில நாள்களாக 72, 74 என்று வந்தால் உடம்பு இன்னும் மீளவில்லை. போன வாரம் சுலபமாகத் தூக்கிய எடை இந்த வாரம் கனக்கிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது, அடிக்கடி சளி பிடிக்கிறது, களைப்பு இருந்தும் தூக்கம் வரவில்லை என்றால், ஒரு வாரம் பாதி அளவு பயிற்சி போதும். அதற்கும் சரியாகாவிட்டால் மருத்துவர். பெண்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதை தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஹாஸ்டல் சாப்பாடு, நின்றுகொண்டே வேலை, அதற்கு மேல் ஜிம் என்று ஓடும்போது வரும் களைப்பை ‘ஸ்டாமினா இல்லை’ என்று நினைத்து இன்னும் அதிகம் ஓடுகிறார்கள். ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. மாதவிடாய் தள்ளிப்போனால் அதுவும் உடல் கொடுக்கும் எச்சரிக்கைதான்.

ஓய்வு நாளில் என்ன செய்வது?

படுத்தே கிடக்க வேண்டியதில்லை. சந்திரசூடேஸ்வரர் மலைக்கு மெதுவாக ஏறி இறங்கலாம். ராமநாயக்கன் ஏரிக்கரையில் நடக்கலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் அளவு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும், அதன்பின் வரும் மதியத் தூக்கத்துக்கும் தனியாக விளக்கம் தேவையில்லை. வீக் ஆஃபில் ஓ.டி. பார்த்துவிட்டு அதை ஜிம் ரெஸ்ட் டே என்று கணக்கு வைக்காதீர்கள். உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது.

‘இன்னிக்கு ஒர்க்அவுட் இல்லை, அதனால சாப்பாடும் குறைவு’ என்பது இன்னொரு தவறு. கட்டுமான வேலை நடப்பதே அன்றுதான். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடலை ஏற்ற புரோட்டீன் பவுடர்களை நாட வேண்டாம் என்றது. எடைப் பயிற்சி செய்கிறவருக்கும் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராமுக்கு மேல் புரதம் கொடுத்தால் கூடுதல் பலன் இல்லை என்றும் சொன்னது. 65 கிலோ இருப்பவருக்கு அதிகபட்சம் 104 கிராம். ராகி விளையும் மாவட்டம் இது. களி மட்டும் போதாது. நூறு கிராம் ராகியில் புரதம் 7 கிராம்தான். அதோடு கொள்ளோ, அவரையோ, முட்டையோ, கறியோ சேர்ந்தால் தட்டு நிறைவாகும். நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6. மூவாயிரம் ரூபாய் டப்பாவைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தென்மாவட்டத்துக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனித்தால் நல்லது. பத்து நாளில் தசை கரைந்துவிடாது. ஆனால், இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்த முதுகோடு, ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்று அன்றைக்கே பழைய எடையை மாட்ட வேண்டாம். முதல் நாள் பாதி எடை, பாதி செட். ஒருநாள் இடைவெளி. இரண்டாம் முறை முக்கால் பங்கு. பழைய எடைக்கு அதற்கடுத்த வாரம் போகலாம். காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கும் இதே கணக்குதான். அவர் மட்டும், காய்ச்சல் விட்டு, பசி பழையபடி திரும்பும்வரை கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.